ஏழாம் லயத்தின் கோடு

ஜூன் 22, ஞாயிறு

மூடுபனி. ஜன்னலிலிருந்து தேயிலை ஃபாக்டரி தெரியவில்லை, சத்தம் மட்டும். துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டாயிற்று. இனி எல்லாச் சேலையிலும் புகை வாசம்.

மெம்பர் வந்தார். பஞ்சாயத்திலிருந்து கொடுத்த மழைக்குப்பிகள் பற்றி. மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், மொத்தம் மூன்று. ஃபாக்டரி ஆபீஸ் வாசலில் இருப்பதை நான் பார்க்கிறேன். தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறாம் லயத்தில் இருப்பது டிரைவர் சுடலைமுத்து அண்ணன் பொறுப்பு. ஏழாம் லயத்தில் செண்பகம் மைனி, என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் திருப்பூரில், மைனி அந்த வீட்டில் தனியாக, ஆறு ஆட்டோடு.

ஏழாம் லயத்துக்குப் பின்னால் மலையில் போன வருஷம் ஒரு வெடிப்பு விழுந்தது. அப்போது விரல் நுழைந்தது, இப்போது கை நுழைகிறது என்கிறார்கள். அதற்காகத்தான் குப்பி.

தினமும் காலை எட்டு மணிக்கு மூன்று அளவும் வாட்ஸப் குரூப்பில் வருகிறது. யாரும் பார்ப்பதில்லை. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே முங்கிப் போகிறது.

மெம்பர்: "நம்பர யாரு படிக்கா? ஒரு படமாப் போட்ரு இசக்கி. கோடு ஏறுனா மழ கூடுதுன்னு எல்லாருக்கும் வெளங்கும். நீதான கம்ப்யூட்டர் படிச்சவ."

படித்து பதினாலு வருஷம். அதற்குப் பிறகு ஃபாக்டரி ஆபீசில் கொழுந்து எடைப் பட்டியலும், காலையில் ஆட்கள் கூடும் மஸ்டரில் வருகைக் கணக்கும்தான். ஆனாலும் ஹோம்ஸ்டே ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்த வகையில் ஒரு சர்வரில் கொஞ்சம் இடம் கைவசம். சரி என்றேன்.

வாங்க: சீரகம், மெழுகுவர்த்தி, இவர் மழைக்கோட்டுக்குப் பித்தான்.

ஜூன் 23, திங்கள்

தூறல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து முடித்தேன்.

சின்ன வேலைதான். ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நாளுக்கு ஒரு வரி: தேதி, கமா, ஃபாக்டரி, கமா, ஆறு, கமா, ஏழு. அதை வாசிக்க பி.எச்.பி.யில் ஒரு ஸ்கிரிப்ட், ஐம்பது வரி கூட இல்லை. யாராவது பக்கத்தைத் திறந்தால் சர்வர் அந்த ஃபைலை எடுத்து, கமா கமாவாக வெட்டி, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, ஒரு படமாக அனுப்பிவிடும். போனுக்கு வேலை கிடையாது. இங்கே இருக்கிற டவருக்கும் கீறல் விழுந்த பழைய போன்களுக்கும் அதுதான் தோது.

முதல் படம் தலைகீழ். கம்ப்யூட்டர் படத்தில் உயரத்தை மேலிருந்து எண்ண வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. மழை கூடக் கூடக் கோடு கீழே போகிறது. கொழுந்து எடை போட வந்த மைனியிடம் காட்டினேன்.

"சரியாத்தான இருக்கு? மழ மேலருந்து கீழதான விழுது."

மொத்த உயரத்திலிருந்து கழித்தேன். நேரானது.

ஜூன் 25, புதன்

மழை இல்லை. பதினோரு மணிக்கு அரை மணி நேரம் வெயில். பாதித் துணி காய்ந்தது.

படத்துக்குள் தமிழ் எழுத்து வரவில்லை. 'மழை' என்று எழுதச் சொன்னால் ஐகாரக் கொம்பு ழ-வைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கிறது. 'கொழுந்து' பார்க்கவே பாவம். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி விட்டுவிட்டேன். எண் மட்டும் போதும். நிறம்: ஃபாக்டரி பச்சை, ஆறாம் லயம் நீலம், ஏழாம் லயம் சிவப்பு.

மெம்பர் பஞ்சாயத்தில் கேட்டு ஓர் அளவு வாங்கி வந்தார். ஒரு நாள் மழை அதைத் தாண்டினால் இரண்டு லயத்து ஆட்களும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

எஸ்டேட் ஃபீல்ட் ஆபீசர் பார்த்தார். மலையாளி, நல்ல மாதிரி, தமிழ் பாதி பேசுவார். "கறுத்த கோட்டுக்கு மேல போயா எறங்கிக்கோ. தாழ வந்தா கேறிக்கோ. சிம்பிள்."

கோடு ஏறினால் நாம் இறங்க வேண்டும், கோடு இறங்கினால் நாம் ஏற வேண்டும். மஸ்டரில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் நல்ல மழை, பிறகு ஓய்ந்தது. மீன்காரன் வரவில்லை.

சந்தைக்குப் போகிற ஜீப்பில் எனக்குப் பின்னால் இரண்டு பேர்:

"இன்னைக்கு செவப்பு நீலத்தத் தாண்டிருச்சு, பாத்தியா?"

"பின்ன? எங்க பக்கந்தான் எப்பவும் கூட."

"பெரும தான் போ."

நான் திரும்பவில்லை. ஆனால் மனசுக்கு நன்றாக இருந்தது. சாயந்திரம் மூன்று தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. ஆபீஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒரு வாளி, ஒரு குண்டான். கொழுந்து குறைவு. டூரிஸ்ட் யாரும் இல்லாததால் இவர் ஜீப் வாசலிலேயே நிற்கிறது. மனிதர் வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார்.

சிவப்பு கறுப்புக்கு ஒரு விரல்கடை கீழே. நீலம் அதற்கும் கொஞ்சம் கீழே.

மைனி போன்: "கோடு எங்க நிக்கி?"

"நீங்க அனுப்புன நம்பர்தான மைனி அது. உங்களுக்குத் தெரியாதா?"

"நம்பர் தெரியும். கோடு எங்க நிக்கின்னு சொல்லு."

ஜூலை 10, வியாழன்

காலை எட்டு மணிக்கு மைனியின் அளவு வந்தது. தட்டினேன். சிவப்பு, கறுப்பைத் தாண்டி மேலே. அரை மணியில் மெம்பர், ஃபீல்ட் ஆபீசர், வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒருத்தர். ஆறு, ஏழு இரண்டு லயமும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் "போன வருசமும் இதத்தான் சொன்னீக" என்று உட்கார்ந்திருப்பார்கள். படத்தைக் காட்டியதும் கிளம்பிவிட்டார்கள்.

கொண்டு வந்தவை, நான் பார்த்த வரை: கம்பளி, ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, கேஸ் சிலிண்டர், டிவி (இரண்டு பேர்), பூனை, ஒரு அம்மா ஊறுகாய் ஜாடி மட்டும். இவர் ஜீப் ஏழு நடை.

மைனியின் ஆடுகளைப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டேன் என்று ஹெட்மாஸ்டர். மைனி அவரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "மனுசனுக்குத்தான் உருள் வருமாக்கும்? ஆட்டுக்கு வராதாக்கும்?" மண்சரிவை இங்கே எல்லோரும் உருள் என்றுதான் சொல்வது. மூன்று நாள் தழையை வெட்டிப் போட்டு, கொட்டகையில் கட்டிவிட்டு வந்தாள்.

ஹாலில் ஐம்பத்திரண்டு பேர். கஞ்சி, பயறு, அப்பளம்.

ஜூலை 11, வெள்ளி

இதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

காலை எட்டேகாலுக்கு ஃபாக்டரி அளவைத் தட்டினேன். ஆறு, ஏழு குப்பிகளைப் பார்க்க லயத்தில் ஆள் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூட கேம்பில். அதனால் அந்த இரண்டு இடத்தையும் வெற்றாக விட்டேன். தேதி, எண், கமா, கமா. சேமித்துவிட்டு மஸ்டருக்கு ஓடினேன். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் கரண்ட் போயிற்று, டவரும் போயிற்று.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் ஹாலில் ஒரு பக்கம் காலி. பாய் சுருட்டி வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் ஊறுகாய் ஜாடி அம்மா மட்டும் சுவரோரம்.

"இங்கன இருந்தவுக எங்க?"

"மேல போயிட்டாக. கோடு எறங்கிருச்சுல்லா."

"என்ன கோடு?"

"ஒன் கோடுதான். செவப்பும் நீலமும் தரையில கெடக்கு, பாக்கலையா நீ? மழ இங்கனதான் பெய்யுதாம், மேல சுத்தமா இல்லையாம்."

வராந்தா மூலையில் ஒரு கம்பி டவர் கிடைத்தது. திறந்தேன். பச்சை மேலே. சிவப்பும் நீலமும் நேற்றைய உச்சியிலிருந்து செங்குத்தாக விழுந்து அடிக்கோட்டில் படுத்திருந்தன.

உடனே புரிந்தது. வெற்று இடத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் அந்த மொழி அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். குறையே சொல்லாது. மாற்றச் சொல்லி ஸ்கிரிப்டில் எழுதியது நான். அளவு இல்லை என்பதை மழை இல்லை என்று வரைந்துவிட்டது.

போனவர்கள் பத்தொன்பது பேர், மைனியும் சேர்த்து. போன் ஒருத்தருக்கும் கிட்டவில்லை. ஓடி வந்து இவரிடம் சொன்னேன். ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். ஜீப்பைக் கிளப்பினார். இரண்டாம் வளைவில், "ஒனக்குத் தெரிஞ்சு எத்தன மணிக்குப் போனாக?"

"பத்து மணிக்காம்."

கடைசி வளைவுக்கு மேல் ஜீப் ஏறவில்லை. ஓடை பாதைக்கு வந்துவிட்டது. நடந்தோம். மழை லேசாகத்தான் இருந்தது. அதுவே மோசம். பார்க்கிறவர்களுக்கு மழை விட்டது போலத்தான் தோன்றும்.

ஏழாம் லயத்தில் புகை. மைனி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. சுடலைமுத்து அண்ணன் யார் வீட்டிலோ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கீழ வாங்க. இப்பவே."

மைனி நிமிரவில்லை. "இப்பத்தான வந்தோம். ஒன் படந்தான் சொல்லிச்சு மழ நின்னு போச்சுன்னு."

"படம் தப்பு மைனி."

"என்னத்த தப்பு? நேத்து சரி, இன்னைக்குத் தப்பா?"

"நேத்து சரி. இன்னைக்கு தப்பு. நான் தப்பா எழுதிட்டேன். யாரும் அளவு பாக்கல, அத மழையே இல்லன்னு காட்டிருச்சு."

ஒருத்தரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "அப்ப நேத்து எங்கள எறக்குனதும் இவ தப்பா எழுதுனதுதானோ என்னமோ."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்போதுதான் குப்பி ஞாபகம் வந்தது. மைனி வீட்டுக்குப் பின்னால், ஆட்டுக்கொட்டகை ஓரம் கம்பத்தில். போனேன். நேற்று காலை மைனி பார்த்துக் கொட்டிவிட்டு வைத்தது. விளிம்பு வரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கழற்றி, சிந்தாமல், முன்பக்கம் எடுத்து வந்து சுடலைமுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இது எப்ப நெறஞ்சிச்சுன்னே தெரியாதே. வழிஞ்சு போனது எவ்வளவோ." பிறகு உரக்க: "எந்திரிங்கய்யா. எந்திரிங்க."

மைனி உலையைக் கவிழ்த்து அடுப்பை அணைத்தாள். கொட்டகைக்குப் போய் ஆறு ஆட்டின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். ஒன்று அவள் பின்னாலேயே வந்தது. கல்லை எடுத்து விரட்டினாள்.

இரண்டரைக்குள் எல்லோரும் பள்ளிக்கூடம். பத்தொன்பது பேரையும் நானே எண்ணினேன். டவர் வந்ததும் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அளவு இல்லை. யாரும் மேலே போக வேண்டாம்' என்று வெறும் எழுத்தாகப் போட்டேன்.

ஜூலை 12, சனி

காலை ஆறேகால். பல் தேய்த்துக்கொண்டிருந்தோம். கல் லாரி கொட்டுகிற சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை.

ஏழாம் லயத்தில் கடைசி நான்கு வீடு இல்லை. மைனி வீடு கடைசியிலிருந்து இரண்டாவது. கொட்டகை, குப்பிக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, பாதி பலா மரம். ஆள் சேதம் இல்லை.

தீயணைப்பு வண்டி ஒன்பதரைக்கு.

ஆடுகள் நாலு பதினோரு மணிவாக்கில் தாமாகவே பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தன. ஹெட்மாஸ்டர் கேட்டைத் திறந்துவிட்டார். இரண்டு வரவில்லை.

மைனி என்னோடு பேசவில்லை. நானும் பக்கத்தில் போகவில்லை. வந்த நாலையும் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. சாயந்திரம் வெங்காயத்தைத் தோலோடு நறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இவர் கத்தியை வாங்கி நறுக்கினார்.

ஜூலை 14, திங்கள்

மழை குறைந்தது. ஸ்கிரிப்டைத் திருத்தினேன்.

திருத்தம் நாலு வரி. அந்த இடம் வெற்றா என்று முதலில் கேள். வெற்று என்றால் எண்ணாக மாற்றாதே, கோடு இழுக்காதே, தூக்கிய பேனாவைத் தூக்கியபடியே வை. அடுத்த எண் வந்தால் அங்கிருந்து புதிதாகத் தொடங்கு. விடுபட்ட நாளுக்கு அடியில் ஒரு சாம்பல் பட்டை.

நாலு வரி. இருபத்தொரு நாளைக்கு முன்னாலேயே எழுதியிருக்கலாம். எழுதும்போது எல்லா நாளும் எல்லோரும் குப்பி பார்ப்பார்கள் என்றே நினைத்தேன். மழை அதிகமான அன்றுதான் பார்க்க முடியாமல் போகும் என்பது தோன்றவே இல்லை.

பத்திரிகைக்காரர் ஒருத்தர் கேம்புக்கு வந்தார். மெம்பர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவ போட்ட படந்தான் அம்பது உசிரக் காப்பாத்துச்சு" என்றார். போட்டோ எடுத்தார்கள். நான் கண்ணை மூடிய நேரத்தில் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மைனி ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

வெயில். கம்பளிகள் எல்லாம் பள்ளிக்கூட வேலி மேல்.

நாளை தாலுக் ஆபீசில் கூட்டம். மற்ற எஸ்டேட்டுகளுக்கும் இதே மாதிரி படம் வைக்கப் போகிறார்களாம். நான் போய் விளக்க வேண்டும். மெம்பர் வீட்டுக்கு வந்தார், கையில் பலகாரப் பொட்டலம்.

"வெள்ளிக்கெழம நடந்தத அங்க பேச வேண்டாம், என்ன?"

"ஏன்?"

"நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இதச் சொன்னா திட்டமே வேண்டாம்னு மூடிருவாக. அப்ப நாளைக்கி இன்னொரு லயத்துல உருள் பொட்டுனா யாரு பொறுப்பு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போன பிறகு இவரைக் கேட்டேன்.

"நான் ஜீப் ஓட்டுறவன்" என்றார். பிறகு, "பிரேக் பிடிக்காத வண்டிய நல்லாருக்குன்னு சொல்லி விக்கிறவன் உண்டு. நான் வித்ததில்ல."

பலகாரம் அச்சுமுறுக்கு. நமுத்திருந்தது.

ஜூலை 18, வெள்ளி

தாலுக் ஆபீஸ். பதினாறு பேர், நாலு பேர் தமிழ் ஆட்கள். நீலச் சேலை கட்டினேன். பேச நினைத்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் பார்க்கவில்லை.

படம் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். கைதட்டினார்கள். பிறகு பதினொன்றாம் தேதிப் படத்தைத் திரையில் போட்டேன். பழைய ஸ்கிரிப்டை எடுத்து வைத்திருந்தேன். அன்று மேலே போனவர்கள் பார்த்த அதே படம்.

"இது தப்பான படம். இதைப் பார்த்துப் பத்தொன்பது பேர் லயத்துக்குத் திரும்பினார்கள். அவர்களில் நாலு பேர் வீடு இருந்த இடத்தில் இப்போது மண். தப்பு என்னுடையது."

மெம்பர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சாரமில்ல மோளே. எல்லாரும் ரட்சப்பெட்டல்லோ."

பரவாயில்லை, எல்லோரும் பிழைத்தார்களே என்கிறார். "சாரம் உண்டு சார்" என்றேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து இன்னொரு எஸ்டேட்டின் கிளார்க், ஒல்லியான மனுஷி, எழுந்தாள். "எங்க ஆபீசுலயும் எக்செல்லுல இதே மாதிரிதான் போடுறோம். அங்கயும் வெத்து எடம் சைபர்னு கோடு விழுமா?"

"விழலாம். போய்ப் பாருங்க."

அவள் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்தாள். ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

திட்டத்தை மூடவில்லை. மாற்றிய ஸ்கிரிப்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். திரும்பி வரும்போது ஜீப்பில் மெம்பர் முன் ஸீட்டில். இறங்கும்போது மட்டும், "சொல்லணும்னா மொதல்லயே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்" என்றார். அதுவும் சரிதான்.

ஜூலை 21, திங்கள்

தூறல். தலைவலி. கொழுந்து நன்றாக வருகிறது. எடைத் தராசில் கூட்டம்.

மைனி மீண்டும் வேலைக்கு வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். நான் எடையைச் சொன்னேன். மற்றவர்கள் போகட்டும் என்று நின்றாள்.

"கோபமா மைனி?"

"கோபம் இல்லாம?"

"ரெண்டு ஆடு."

"ஆட்டுக்கில்லடி." தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். "நான் நம்பர் அனுப்பலன்னா ஒனக்குத் தெரியும்ல, நான் அனுப்பலன்னு. தெனம் அனுப்புறவ இன்னைக்கு அனுப்பலையேன்னு நீ ஒரு போன் அடிச்சுக் கேட்டியா? கமா போட்டுட்டுப் போயிட்ட."

பத்து நாளாக ஸ்கிரிப்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்கவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. கேம்பில் இருந்த சுடலைமுத்து அண்ணனை யாராவது ஒரு நடை கூட்டிப் போயிருந்தால் அளவு கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் அளவு இல்லை என்றாவது ஐம்பது பேருக்கும் தெரிந்திருக்கும்.

"கேக்கல மைனி."

"ம்." கூடையை மாட்டிக்கொண்டாள். "மத்தியானம் கொழம்பு இருந்தா குடுத்து விடு. கேம்புக் கஞ்சி எறங்க மாட்டேங்கு."

கொடுத்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு.

ஜூலை 24, வியாழன்

காற்று. ஃபாக்டரித் தகரம் ஒன்று கழன்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

தாலுக் ஆபீசிலிருந்து போன். மாத மழை அறிக்கையை ஆன்லைனில் ஏற்றுகிற பையன், பாதித் தமிழ்.

"சேச்சி, ஏழாம் லயத்துக்குப் பதினொண்ணு முதல் ஒண்ணும் இல்ல. என்ன போடணும்?"

"ஒண்ணும் போட வேண்டாம். அளவு இல்ல."

"காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது சேச்சி. ஏதாவது நம்பர் வேணும். ஆவரேஜ் போடட்டா? இல்லெங்கில் சைபர்?"

"ரெண்டும் வேண்டாம்."

"பின்ன எந்து செய்யும், என்ன செய்யணும்?"

"நாளைக்கி மத்தியானம் வர ஏத்தாத. கடுதாசியா எழுதிக் கொண்டு வாரேன். ஒங்க ஆபீசர் பாத்து முடிவு பண்ணட்டும்."

வெள்ளைத் தாளில் எழுதினேன். குப்பி பார்ப்பவர் என்று மைனி கையெழுத்துப் போட வேண்டும். கேம்புக்கு எடுத்துப் போனேன். மைனி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள், கை ஈரம்.

"படி."

படித்தேன். "ஜூலை பதினொன்று: குப்பி நிரம்பி வழிந்தது, அளவு தெரியவில்லை. பன்னிரண்டு முதல்: குப்பி இல்லை."

"வீடும் இல்லன்னு போடு."

சேர்த்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து, முழுப் பெயரும் எழுதினாள்.

ஜூலை 25, வெள்ளி

தாலுக் ஆபீசுக்குப் பத்தே முக்கால் பஸ். தாளை மடிக்காமல் ஃபைலுக்குள். குடை எடுத்துக்கொள்ள.